ஆய்வுக்குப் பதில் சொல்கிறோம், முடிவை எங்களுக்கும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பல்கலைக்கழகங்களிலிருந்தும் மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் ஆய்வு மாணவர்கள் எங்கள் ஊர்களுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ரத்தச்சோகை, சர்க்கரை, பிள்ளை பெற்ற பின் வரும் மனச்சோர்வு, வீட்டில் படும் அடி, சாதியால் பட்ட அவமானம் எல்லாம் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதான். கேட்கிற விதத்தில்தான் எனக்கு மனக்குறை.

ஊருக்குள் நுழைந்ததும் செவிலியரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ துணைக்கு அழைக்கிறார்கள். நாங்கள் முன்னால் நடந்தால் எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிறவள், மகப்பேறு உதவித்தொகைக்குப் பதிந்து தருகிறவள் வாசலில் நிற்கும்போது எந்தப் பெண் "எனக்கு விருப்பமில்லை" என்பாள்? "நீங்கள் சொன்னால் சரிதான் அம்மா" என்று படிவத்தைப் பார்க்காமலே கைநாட்டு வைத்துவிடுவார்கள். இதைச் சம்மதம் என்று ஆய்வேட்டில் எழுதுவது நியாயமில்லை. கையெழுத்துப் போட்டதால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமா என்று, மாணவர்கள் பஸ் ஏறிய பிறகு எங்களிடம் வந்து கேட்பார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. ஆய்வு எதற்கு என்பதைப் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். பாதியில் விலகினாலும் அவருக்குக் கிடைக்கும் சிகிச்சையோ சலுகையோ குறையக் கூடாது. பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம். கூலி வேலைக்குப் போகும் பெண்ணை அரை நாள் உட்கார வைத்துவிட்டு ஒரு சோப்புப் பெட்டி கொடுத்து அனுப்புகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

தனிமையும் முக்கியம். மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்க, "கணவர் அடிப்பாரா?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். அந்தப் பொய்தான் பிறகு புள்ளிவிவரமாகிறது.

எங்கள் பகுதிக்கு இதில் ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 1980-களில் பெண் சிசுக்கொலைச் செய்திகள் வெளிவந்த பிறகு, கேள்வித்தாளோடு இங்கே வந்தவர்களுக்குக் கணக்கில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லவே கூசும் நிலை வந்தது. அன்று மனம் திறந்து பேசிய பெண்களில் பலர் இன்று பாட்டிகள். தாங்கள் சொன்னது என்ன ஆயிற்று என்பதை யாரும் திரும்பி வந்து அவர்களிடம் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இதனால் ஆய்வே வேண்டாம் என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. காசநோய் என்றால் தோப்பூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் நடுங்கிய காலம் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில் ஏழை நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியம் என்னும் காசநோய் ஆஸ்பத்திரியிலும் மற்றவர்கள் வீட்டிலுமாக ஓராண்டு மருந்து எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தே குணமாகலாம், கூட இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று தெரிந்தது. 1959 முதல் வெளியான அந்த முடிவுகள் உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றின. நான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த மாத்திரைகளுக்குப் பின்னால் பெயர் தெரியாத அந்த நோயாளிகளின் பொறுமை இருக்கிறது.

மதுரையிலுள்ள பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் ஒன்று செய்யலாம். ஆய்வு முடிந்ததும் கண்டறிந்ததை ஆட்களின் பெயரில்லாமல் ஒரு பக்கத் தமிழில் எழுதி, அடுத்த கிராம சபையில் மாணவரே நேரில் வந்து படிக்கட்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று தேதிகள் தயாராகவே இருக்கின்றன. இதை ஒரு நிபந்தனையாக்கி, நெறிமுறைக் குழுக்கள் அனுமதி வழங்கும்போதே எழுதி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.