மெதுவாகச் செல்வதற்கென்றே கட்டப்பட்ட கப்பல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூன் மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வந்த எம்.எஸ்.சி. இரினா கப்பலை முன்னிட்டு, உலகின் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அதில் மெர்ஸ்க் நிறுவனத்தின் டிரிபிள் இ வகைக் கப்பல்கள் பதினெட்டாயிரம் கன்டெய்னர்களை ஏற்றுபவை என்று ஒரே வரியில் கூறப்பட்டிருந்தது. அந்த வரியில் ஒரு பிழை இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அந்தக் கப்பல்களின் சிறப்பு எதுவோ அது அங்கே விடுபட்டுவிட்டது. கப்பல் முகவர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் பெட்டிக் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். 18,270 என்பது டி.இ.யு. கணக்கு, அதாவது எல்லாப் பெட்டிகளும் இருபதடிப் பெட்டிகளாக இருந்தால் அத்தனை இடம் உண்டு என்று பொருள். கடலில் இன்று அதிகம் செல்பவை நாற்பதடிப் பெட்டிகள். அவை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கில் சேரும். கப்பல் முழுவதும் நாற்பதடிகளாகவே இருந்தால் ஏறும் பெட்டிகள் 9,135 மட்டுமே. அந்த டி.இ.யு. எண்ணும்கூட ஒரே மாதிரி எண்ணப்படுவதில்லை. 2006இல் வந்த எம்மா மெர்ஸ்க் கப்பலின் கொள்ளளவை அதே நிறுவனம் முதலில் 11,000 என்றுதான் அறிவித்தது. ஒவ்வொரு பெட்டியிலும் 14 டன் சரக்கு இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு அது. பெட்டிக்கான இடங்களை மட்டும் எண்ணியவர்கள் அதே கப்பலுக்கு 15,000 என்று எழுதினார்கள். ஆகவே இத்தகைய எண்களைத் தலைப்பில் போடும்போது சற்று நிதானம் வேண்டும்.

இனி, விடுபட்ட செய்திக்கு வருகிறேன். 2011 பிப்ரவரியில் தென்கொரியாவின் தேவூ கப்பல் கட்டும் நிறுவனத்திடம் மெர்ஸ்க் முதலில் பத்துக் கப்பல்களையும், அதே ஆண்டு ஜூனில் மேலும் பத்துக் கப்பல்களையும், ஒவ்வொன்றும் சுமார் 19 கோடி டாலர் விலையில் கேட்டது. அளவினால் வரும் சிக்கனம், எரிபொருள் திறன், சுற்றுச்சூழல் மேம்பாடு ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் 'இ' எழுத்தில் தொடங்குவதால் டிரிபிள் இ என்று பெயரிட்டார்கள். இவற்றுள் முதலாவது மட்டுமே நம் ஊர்ச் செய்திகளில் இடம்பெறுகிறது. ஆனால் எம்மா மெர்ஸ்க்கின் நீளம் 397 மீட்டர், அகலம் 56 மீட்டர். டிரிபிள் இ கப்பலின் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர், அகலம் 59 மீட்டர். நீளத்திலும் அகலத்திலும் மூன்று மூன்று மீட்டர் மட்டும் கூடியதற்கு, 2,500 டி.இ.யு.வுக்கும் மேற்பட்ட இடம் எப்படி அதிகமாகக் கிடைத்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

விடை வேகத்தில் இருக்கிறது. எம்மா மணிக்கு 25 கடல் மைல் ஓடுவதற்காகக் கட்டப்பட்டது. அதற்காகவே 80 மெகாவாட் ஆற்றலுள்ள ஒரே பெரிய எந்திரமும், நீரைக் கிழித்துச் செல்லக் கீழே ஒடுங்கிய உடலும் அதற்கு அமைந்தன. டிரிபிள் இ கப்பலின் உச்ச வேகம் 23 கடல் மைல்; வடிவமைப்பாளர்கள் மனத்தில் கொண்டதோ 19 கடல் மைல் அளவிலான ஓட்டம். அவ்வளவு போதும் என்றானபின், கப்பலின் அடிப்பகுதியை அகலமான தொட்டியைப் போல விரிக்க முடிந்தது. மாலுமிகள் இருக்கும் கட்டடத்தை அணியத்தை, அதாவது முன்முனையை நோக்கியும், எந்திர அறையையும் புகைபோக்கியையும் அமரத்தை, அதாவது பின்முனையை நோக்கியும் நகர்த்தி, நடுவிலும் கீழேயும் கிடைத்த இடத்தைப் பெட்டிகளுக்குக் கொடுத்தார்கள். ஒரே எந்திரத்துக்குப் பதிலாக ஏறக்குறைய 30 மெகாவாட் ஆற்றலுள்ள இரண்டு எந்திரங்களும் இரண்டு சுழலிகளும் பொருத்தப்பட்டன. இரண்டும் சேர்ந்தும்கூட எம்மாவின் ஆற்றலை எட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கப்பலை ஓட்டத் தேவையான ஆற்றல், வேகத்தின் மூன்றாம் படியை ஒட்டி ஏறியிறங்கும் என்பது இத்துறையில் நெடுநாளாகக் கையாளப்படும் கணக்கு. 25இலிருந்து 20 கடல் மைலுக்கு இறங்கினால் தேவையான ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பயண நாட்கள் கூடுவதைக் கணக்கில் சேர்த்த பின்னும், அதே தூரத்துக்கு எரியும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகும். 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு கப்பல் நிறுவனங்கள் பலவும் வேகமான கப்பல்களையே மெதுவாக ஓட்டிப் பணத்தைச் சேமித்துக்கொண்டிருந்தபோது, மெதுவாக ஓடுவதையே அடிப்படையாக வைத்து ஒரு வகையை உருவாக்கியதுதான் இங்கே நடந்த புதுமை. இது என் ஊகமன்று. பன்னாட்டுப் போக்குவரத்து மன்றம் 2015இல் பெருங்கப்பல்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும், 15,000இலிருந்து 19,000 டி.இ.யு. கப்பலுக்கு மாறுவதால் ஒவ்வொரு பெட்டிக்கும் கிடைக்கும் சேமிப்பில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, குறைந்த வேகத்துக்கான வடிவமைப்பால் வருவதே என்று சொல்கிறது.

பெரிய அளவினால் கப்பல் உரிமையாளருக்குக் கிடைப்பது அப்படியென்றால், செலவு யாருடையது? மேல்தளத்தில் குறுக்காக 23 வரிசைகள் அடுக்கப்பட்ட பெட்டிகளை எட்ட நீண்ட கையுள்ள கிரேன்கள் வேண்டும்; ஆழத்தைத் தோண்ட வேண்டும்; ஒரே நாளில் இறங்கும் ஆயிரக்கணக்கான பெட்டிகளை வைக்க முற்றமும், இழுக்க லாரிகளும் வேண்டும். மறுநாள் அவை சும்மா நிற்கும். இவற்றையெல்லாம் துறைமுகங்களும், பல நாடுகளில் அரசுகளும் தம் பணத்தில் செய்தன. டிரிபிள் இ வகையின் முதல் கப்பலான மெர்ஸ்க் மெக்கின்னி மோலர் 2013 ஜூலையில் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதமே, 18 மீட்டர் ஆழத்துடன் கொழும்பின் தெற்குத் துறைமுகத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் எனப்படும் சிறிய இணைப்புக் கப்பல்களில் புறப்படும் பெட்டிகள் பல கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன என்பதை அறிந்த எங்களுக்கு, அந்த 18 மீட்டரின் அருமை புரியும்.

இந்த வகை 'உலகின் மிகப் பெரியது' என்ற பட்டத்தை நெடுநாள் வைத்திருக்கவில்லை. 2014 இறுதியிலேயே 19,000 டி.இ.யு.வைத் தாண்டிய சீனக் கப்பல் வந்துவிட்டது, 2019இல் எம்.எஸ்.சி. குல்சுன் 23,756 என்ற எண்ணை எட்டி, குறுக்கே 24 வரிசைகளைக் கொண்டுவந்தது. இரினாவின் எண் 24,346. ஆனால் நீளம் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை 400 மீட்டரிலேயே நிற்கிறது. அதே மெர்ஸ்க் நிறுவனம் 2024 ஜனவரியில் பெற்றுக்கொண்ட, மெத்தனாலிலும் ஓடக்கூடிய ஆனே மெர்ஸ்க் 350 மீட்டர் நீளமும் சுமார் 16,000 டி.இ.யு. கொள்ளளவும் மட்டுமே உடையது. பதினோரு ஆண்டுகளில் அளவில் இறங்கிய இந்தச் செய்தி, அளவில் ஏறிய செய்தியைப் போல எங்கும் கொண்டாடப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெரிய கப்பலொன்று நம் பக்கத்துக் கடலுக்கு வரும்போது, அதன் டி.இ.யு. எண்ணுடன், அந்தத் துறைமுகத்தில் உண்மையில் இறக்கி ஏற்றிய பெட்டிகள் எத்தனை, கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்து வந்தது, எத்தனை மணி நேரம் நின்றது ஆகிய மூன்றையும் துறைமுக அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் முகவர் அலுவலக ஊழியர்,
தூத்துக்குடி.