மிச்சமான தண்ணீர் எங்கே போனது?

வளரும் நாடுகளில் பாசனத் திட்டம் போடும் அமைச்சர்களுக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் திட்ட அறிக்கைகளில் தவறாமல் ஒரு வரி இருக்கும். ‘இத்திட்டத்தால் இத்தனை சதவீதத் தண்ணீர் மிச்சமாகும்.’ படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். மிச்சமான அந்தத் தண்ணீர் இப்போது எங்கே இருக்கிறது? அணையிலா, ஆற்றிலா, நிலத்துக்கு அடியிலா? யாராவது போய்ப் பார்த்தீர்களா?

கேலிக்குக் கேட்கவில்லை. உலகம் முழுக்க ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. ஏழை நாடுகள் பலவற்றில் அதற்கும் மேல். அதனால் சிக்கனம் என்றதும் எல்லார் கண்ணும் வயல் மேல் விழுவது நியாயம்தான். விழுந்த கண் வரப்போடு நின்றுவிடுகிறதே என்பதுதான் என் குறை.

ஒரு மண் வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள். கரையோரம் கசிகிறது. உங்கள் கணக்கில் அது இழப்பு. அதே கசிவு மண்ணுக்குள் நடந்துபோய், நாலு வயல் தள்ளிப் பள்ளத்தில் இருக்கும் கிணற்றில் ஊற்றாக எட்டிப்பார்க்கிறது. அந்தக் கிணற்றுக்காரருக்கு அது வரவு. நீங்கள் வாய்க்காலுக்கு சிமென்ட் பூசியதும் உங்கள் பதிவேட்டில் மிச்சம் ஏறுகிறது. அவர் கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது. கொழும்பில் தலைமையகம் வைத்திருக்கும் பன்னாட்டு நீர் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த டேவிட் செக்லர் 1996-லேயே இதைச் சொல்லிவிட்டார். சில மிச்சங்கள் ஈரமானவை, அதாவது உண்மையிலேயே தண்ணீராகக் கைக்கு வருபவை; சில வெறும் காய்ந்த மிச்சங்கள், அதாவது காகிதத்தில் மட்டும் இருப்பவை. அதற்குப் பிறகும் உங்கள் அறிக்கைகள் காய்ந்த கணக்கையே எழுதிக்கொண்டிருக்கின்றன.

சொட்டுநீர் பாசனத்துக்கும் இதே கதைதான். புரிவதற்காக ஒரு கணக்கு: பாய்ச்சி விட்ட வயலுக்கு 100 பங்கு தண்ணீர் போகிறது. 50 பங்கைப் பயிரும் வெயிலும் குடிக்கின்றன. மீதி 50 நிலத்தடிக்கோ ஓடைக்கோ திரும்புகிறது. சொட்டுநீர்க் குழாய் போட்டதும் அதே நிலத்துக்கு 60 பங்கு போதும். கையில் 40 நிற்கிறது. அதை விவசாயி அடுத்த ஊருக்கு விட்டுக்கொடுப்பாரா? பக்கத்துத் தரிசையும் சேர்த்துப் பயிர் வைப்பார், இல்லையென்றால் நல்ல விலை போகும் தாகப் பயிருக்கு மாறுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். முன்பு திரும்பி வந்த தண்ணீரும் இப்போது ஆவியாகிப் போகிறது. மொராக்கோ 2008-ல் தொடங்கிய பசுமைத் திட்டத்தில் சொட்டுநீருக்கு அள்ளி அள்ளி மானியம் கொடுத்தது. குழாய்கள் பரவின, பழத்தோட்டங்களும் பரவின, நிலத்தடி நீர் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. இந்த முரணை விளக்கி 2018-ல் சயின்ஸ் இதழில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்தே எழுதினார்கள்.

சொட்டுநீர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உரம் மிச்சம், களை குறைவு, விளைச்சல் சீராக வரும். கசிவு கடலுக்கோ உப்பு நீருக்கோ போகிற இடத்தில் மிச்சம் உண்மையான மிச்சமே. மற்ற இடங்களில் மானியத்தோடு, ‘இவ்வளவுக்கு மேல் எடுக்கக் கூடாது’ என்ற வரம்பும் சேர்ந்து வரவேண்டும். (சூரிய சக்தி பம்புக்கும் இது பொருந்தும். டீசல் செலவு இல்லை, மின்கட்டணமும் இல்லை என்றால் எதற்காக ஒருவர் எழுந்துபோய் அதை நிறுத்துவார்?)

சரி, நெல்லுக்கு வருவோம். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையைப் பரப்ப வயலில் ஒரு குழாய் நடச் சொல்கிறீர்கள். ஒரு முழத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் குழாய், பக்கமெல்லாம் ஓட்டை. பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. உள்ளே எட்டிப் பார்த்தால் வயல் மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை காயவிடலாம், அப்புறம் பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். பம்பு ஓடும் நேரம் குறைகிறது, வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுவதும் குறைகிறது. இங்கே மிச்சமாவதிலும் பெரும்பகுதி கசிவுதான், ஆகவே என் முதல் கேள்வி இதையும் விடாது. அது இருக்கட்டும். அடுத்த முறை தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்ற நம்பிக்கை இல்லாத விவசாயி எந்தத் தைரியத்தில் வயலைக் காயவிடுவார்? கிடைக்கும்போதே நிரப்பிக்கொள்வார். அதை விரயம் என்று எழுதுகிறீர்கள். அவருக்கு அது காப்பீடு.

நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை எலினோர் ஆஸ்ட்ரமும் அவர் குழுவினரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த எலினோர்தான் 2009-ல் பொருளாதார நோபல் பெற்றவர். கல்லும் மண்ணும் மரக்கிளையுமாக விவசாயிகளே கட்டி நடத்திய அமைப்புகள், அரசு கான்கிரீட்டில் கட்டி நடத்தியவற்றைவிடக் கடைமடைக்கு நன்றாகத் தண்ணீர் சேர்த்தன. காரணம் சுவையானது. மண் அணை வருடந்தோறும் உடையும். அதைச் சரிசெய்யத் தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் கை வேண்டும். கை வேண்டுமென்றால் தண்ணீரும் விடவேண்டும். கான்கிரீட் வந்ததும் அந்தத் தேவை போயிற்று. அதோடு கடைமடைக்காரரின் பேரம் பேசும் பலமும் போயிற்று.

பாசனமே இல்லாத நிலங்களை நீங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் தாண்டிப் போகிறீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. சஹாராவுக்குத் தெற்கே சாகுபடி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மானாவாரி. ஹெக்டேருக்கு ஒரு டன் விளைகிற வயலில் பயிர் நெருக்கமாக இருக்காது. மழைநீரில் பெரும்பங்கு வெறும் மண்ணிலிருந்தே ஆவியாகிவிடும். கொஞ்சம் உரம், நல்ல விதை, பூக்கும் நேரத்தில் மழை பொய்த்தால் ஒரு சின்னக் குட்டையிலிருந்து ஒன்றிரண்டு தண்ணீர். விளைச்சல் இரட்டிக்கும்போது இலை மண்ணை மூடிவிடுவதால் குடிக்கும் தண்ணீர் இரட்டிப்பதில்லை. செக்லர் சொன்ன ஈரமான மிச்சம் இதுதான்.

ஆகவே, அடுத்த அறிக்கையில் வயலுக்கு எவ்வளவு விட்டோம் என்பதோடு எவ்வளவு ஆவியாயிற்று, எவ்வளவு திரும்பியது, திரும்பியதை யார் பயன்படுத்தினார் என்பதையும் எழுதுங்கள். கள ஆய்வைத் தலைமதகோடு முடித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் முறை வரும் இரவில் கடைமடைக்குப் போங்கள். டார்ச் விளக்கும் மண்வெட்டியுமாக யாராவது மடையோரம் உட்கார்ந்திருப்பார். முறை தவறாமல் தண்ணீர் கடைசியாக வந்தது எப்போது என்று அவரிடம் கேட்டு, அந்தத் தேதியை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளை விடாமல் படிக்கும் ஒருவன்