மெஷினுக்குக் கொடுக்கிறேன், அக்கா

அக்கா,

நீங்கள் தொடங்கிய குயில்ட்டை, அந்த ஒட்டுத்துணிப் போர்வையை, மெஷின் தையலுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் ஃபிரேமில் ஏறுகிறது. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். நம் குழுவில் போட்டால் மற்ற இருவரும் பஞ்சாயத்துக்கு வந்து ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள், சொல்ல வந்த விஷயம் காணாமல் போய்விடும். இந்தப் பக்கத்தை மட்டும் நீங்கள் விடாமல் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வேறு ஆட்களும் படிப்பார்கள். சில இடங்களைத் தாண்டித்தான் போவேன். தாண்டுவது எதை என்று உங்களுக்குப் புரிந்தால் போதும்.

அன்றைக்கு நாம் நால்வரும் கிளம்பியபோது, முதலில் ஒயின் தயாரிக்கும் வைனரி, அப்புறம் துணிக்கடை என்று வரிசை போட்டது யார் என்ற சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. நான் போடவில்லை. துணி வெட்டப் போகிறவர்கள் முதலில் போய் உட்கார வேண்டிய இடமா அது? யார் எவ்வளவு குடித்தார்கள் என்பதை எழுதமாட்டேன். மேஜையில் துப்புவதற்கென்று ஒரு வாளி வைத்திருந்தார்கள். நால்வரில் ஒருவர்தான் அதைத் தொட்டார், அவர்தான் வண்டி ஓட்டினார். வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தகவல் போதும்.

பீப்பாய் அறையில் நீங்கள் இருந்த மாதிரி நான் உங்களைப் பார்த்ததே இல்லை. சிவப்புத் திராட்சையைப் பிழிந்தால்கூடச் சாறு பெரும்பாலும் வெளுப்பாகத்தான் வரும், நிறம் முழுக்கத் தோலில் இருக்கிறது, அதனால்தான் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகிறோம் என்று எங்களுக்குச் சுற்றிக்காட்டிய பெண் சொன்னார். தோல் மேலே மிதந்து வந்து கட்டியாக நிற்குமாம், அதை அடிக்கடி உள்ளே அழுத்திவிட வேண்டுமாம். "சாயப்பட்டறை மாதிரி" என்றீர்கள் உடனே. அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பீப்பாய் 225 லிட்டர் என்று அவர் வாய் மூடுவதற்குள் "300 பாட்டில்" என்று கணக்கும் சொன்னீர்கள். மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவதை ஈடுகட்ட மேலே ஊற்றிக்கொண்டே இருப்பார்கள் என்றதும், அப்படியென்றால் 300 தேறாதே என்று அவரோடு வாதாட வேறு போனீர்கள். நான் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நமக்குக் கற்றுக்கொடுத்தவர் நாலு பேர் நடுவில் கெட்டிக்காரராக நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

அப்புறம் மேஜை. பை உங்கள் மடியில் இருந்தது. உள்ளே குயில்ட்டின் மேல்பாகம், துண்டுகளை இணைத்த முன்பக்கம், அடியில் வரும் பின்துணிக்கு நிறம் பொருத்திப் பார்க்க எடுத்து வந்தது. கிளாஸை மேஜையில் வைத்தபடியே சுழற்றலாம், அதுதான் சுலபம் என்று அந்தப் பெண் சொன்னார். நீங்கள் கையில் எடுத்துத்தான் சுழற்றினீர்கள்.

நான் என்ன பார்த்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த நொடி கிளாஸ் சரிந்தது, பையின் திறந்த வாய் வழியாகக் கொஞ்சம் உள்ளே போனது. "ஐயோ, என் முழங்கை இடித்துவிட்டது" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்துவிட்டது. மற்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள், விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

"உன் முழங்கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்" என்றீர்கள். மெதுவாகவும் இல்லை. அந்தப் பெண்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் குரலில் என்னிடம் அதற்கு முன் பேசியதில்லை நீங்கள். தப்பான ஊசியை எடுத்தபோதுகூட, எண் ஏற ஏற கைத்தையல் ஊசி சின்னதாகும் என்று எத்தனை தடவை சொன்னாலும் நான் மறந்துபோனபோதுகூட. உங்களைக் காப்பாற்றத்தான் சொன்னேன். காப்பாற்றச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை, சரி. ஆனால் அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? உங்கள் பக்கம் நின்றது குற்றமென்றால் மன்னித்துவிடுங்கள். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்கே தெளிவாக இல்லை.

துணிக்கடையில் எதுவுமே நடக்காத மாதிரி இருந்தீர்கள். மற்ற இருவரும் மூலைக்கு மூலை ஓடி 18-க்கு 22 அங்குலத் துண்டுகளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்தான், எதற்கு என்று தெரியாமலே அந்தத் துண்டுகளை வாங்கிக் குவிப்பார்கள். நான் ஒரு கடுகு மஞ்சள் ரோலைத் தூக்கி வந்தேன். "கண்ணை இடுக்கிக்கொண்டு பார்" என்றீர்கள். பார்த்தேன். "வெளிர் பக்கத்திலும் சேராது, அடர் பக்கத்திலும் சேராது. பாதி வெளிர் பட்டை, பாதி அடர் பட்டை என்று ஓடுகிற லாக் கேபின் சதுரத்தில் இதை எங்கே வைப்பாய்?" என்று கேட்டுவிட்டு ரோலை நீங்களே கொண்டுபோய் அலமாரியில் வைத்தீர்கள். பின்துணிக்கு அந்தக் கருநீலம்தான் என்று தீர்மானித்து, 77 அங்குலம் என்று வெட்டச் சொன்னதும் நீங்கள்தான். வெட்டும் மேஜையிலேயே, கத்தரி ஓடிக்கொண்டிருக்கும்போது, பையை என் பக்கம் தள்ளினீர்கள். "இதை நீயே முடித்துவிடு."

எல்லோரும் இருந்தார்கள். முடியாது என்று எப்படிச் சொல்வது? பரிசு கொடுப்பதைப்போல் கொடுத்தீர்கள். மற்ற இருவரும் கைதட்டாத குறை. எனக்கு என்னவோ தண்டனை வாங்கின மாதிரிதான் இருந்தது.

கறையைப் பற்றி நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீர் போட்டேன். சிவப்பு போவதற்குப் பதிலாக நீலச் சாம்பலாக மாறிவிட்டது. திராட்சைத் தோலில் இருக்கிற அந்தச் சாயம் அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் தெரியுமாம், பிறகுதான் படித்தேன். ஒரே ஒரு பிளாக்கில், அதாவது ஒரு சதுரத்தில், வெளிர் பக்கத்தின் கடைசிப் பட்டையில்தான் பட்டிருந்தது. அது அடுத்த பிளாக்கோடு சேர்கிற பட்டை என்பதால் ஒரு பட்டையை எடுக்க நாலு பக்கமும் தையலைப் பிரிக்க வேண்டியதாகிவிட்டது.

பிரித்தபோதுதான் உங்கள் வேலையை உள்பக்கமிருந்து முதல்முதலாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் வரிசைகளில் தையலுக்கு வெளியே விடுகிற அந்தக் கால் அங்குலம் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. கீழே வர வர அப்படி இல்லை. கடைசி வரிசையில் தையலுக்குப் பக்கத்திலேயே பழைய ஊசித் துளைகள், சில இடங்களில் இரண்டு வரிசையாக. தைத்து, பிரித்து, திரும்பத் தைத்து, திரும்பப் பிரித்திருக்கிறீர்கள். மேலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, முனைகள் அத்தனை சுத்தமாகப் பொருந்தியிருக்கின்றன. அந்தப் பொறுமைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை அக்கா. விரலால் அந்தத் துளைகளைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அப்படியென்றால் வைனரிக்குப் போவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும். என்னிடம் சொல்லியிருக்கலாம். வாராவாரம் அதே மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்தவள்தானே நான்? என் தையலில் இருக்கும் கோணலெல்லாம் உங்களுக்குத் தெரியும், உங்களுடைய ஒன்றுகூட எனக்குத் தெரியக்கூடாதா? அதற்குமேல் இதை இங்கே எழுதுவது சரியில்லை. நிறுத்திக்கொள்கிறேன்.

கையால் முடிக்கப் பார்க்காமல் இல்லை. மேல்பாகம், நடுவில் பஞ்சு, பின்துணி என்று மூன்றையும் அடுக்கி ஒரு மூலையில் தொடங்கினேன். ஓர் அங்குலத்துக்கு உங்களுக்குப் பத்துத் தையல் விழும், எனக்கு ஐந்து. மேலே பார்க்க ஒழுங்காக இருக்கிறதே என்று திருப்பினால், பின்பக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்று காணோம், ஊசி பஞ்சோடு நின்றுவிட்டிருக்கிறது. அதையெல்லாம் பிரித்துவிட்டேன். எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும், லாங்ஆர்ம் என்கிற அந்தப் பெரிய மெஷினில் மூன்று அடுக்கையும் தனித்தனியாகத்தான் ஏற்றுவார்கள்.

மெஷின் தைத்ததை நீங்கள் கணக்கிலேயே சேர்க்க மாட்டீர்கள் என்பது தெரியும். மேல்பாகத்தை நீங்கள் எதில் இணைத்தீர்களாம்? மெஷினில்தானே? பட்டைகளை இணைக்க மெஷின் ஆகும், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க மட்டும் ஆகாதா? இதே சண்டை கென்டக்கியில் உள்ள பதுகாவில் 1989-இலேயே நடந்து முடிந்துவிட்டது. அமெரிக்கக் குயில்ட்டர் சங்கத்தின் கண்காட்சியில் அந்த வருடம் அத்தனையிலும் சிறந்தது என்ற தலைப் பரிசை வாங்கிய கேரில் பிரையர் ஃபாலர்ட்டின் குயில்ட் மெஷினில் தைத்தது. அங்கே மெஷின் வேலைக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. அப்போதும் பலர் முகம் சுளித்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் முன்வரிசையில் நின்று சுளித்திருப்பீர்கள்.

இன்னொன்று. நீங்கள் வெட்டச் சொன்ன 77 கைக்குப் போதும், ஆனால் மெஷினுக்கு நாலா பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக வேண்டும். மேல்பாகம் 72, அப்படியானால் 80. அந்தக் கருநீலம் இப்போது எங்கும் கிடைக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் பணம் கொடுக்கப் போனபோது நான் அந்தக் கடுகு மஞ்சளில் ஒரு துண்டு வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதை நாலு அங்குலப் பட்டைகளாக வெட்டிப் பின்பக்கத்தில் ஒட்டுப் போட்டாயிற்று. தையலுக்குள் போவதைக் கழித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். மிச்சத்தில் ஒரு பட்டை முன்பக்கம், கறை பட்ட இடத்தில். நீங்கள் சொன்னது சரிதான், துருத்திக்கொண்டு தெரிகிறது. கண்ணை இடுக்காமலே தெரிகிறது. எடுக்க மாட்டேன்.

மெஷினிலிருந்து வந்ததும் பைண்டிங், அதாவது சுற்றிலும் ஓரப் பட்டை, போட வேண்டும். அதை நீங்கள் போடுங்கள் என்று கேட்க மாட்டேன். கேட்காததற்கும் கோபித்துக்கொள்வீர்கள், பரவாயில்லை. பின்பக்கம் ஒரு லேபிள் தைக்க வேண்டுமென்று கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். பெயர் இல்லாத குயில்ட் அனாதை என்பீர்கள். இரண்டு பேர் பெயரும் போடுவதாக இருக்கிறேன். எந்த வரிசையில் என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் என் பெயரை முதலில் போட்டுவிடுவேன். வந்து சண்டை போடுங்கள்.