எல்லாத் துணிக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தீர்கள்

அனுப்புநர்: தையற்கடை உரிமையாளர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 3.11.2025

பொருள்: துணி ஸ்பிரே சாயம் குறித்த புகார், நட்டஈடும் லேபிள் திருத்தமும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த செப்டம்பர் 20ஆம் தேதி எங்கள் ஊர் ஹார்ட்வேர் கடையில் தங்கள் நிறுவனத்தின் துணி ஸ்பிரே சாயம் ஆறு டின் வாங்கினேன். நிறம் கருநீலம். டின் ஒன்று 32 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு; ஆறுக்கும் சேர்த்து 197 வெள்ளி 40 காசு. ரசீதின் நகலை இணைத்திருக்கிறேன். டின்னின் முன்பக்கத்தில், சோபா படத்துக்கு மேலே, “எல்லாத் துணிக்கும் ஏற்றது, சாயம் போகாது” என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கட்டைவிரல் அகலத்துக்கு அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். அது பொய்த்துவிட்டது. என் வீட்டு நாற்காலிகள் கெட்டன. தீபாவளிக்கு வீடு தேடி வந்த ஒரு பெரியவருக்கு எங்கள் கூடத்தில் தலைகுனிவு நேர்ந்தது.

நான் 26 ஆண்டுகளாகத் தையற்கடை நடத்துகிறேன். என் மேசையில் துணியை வைக்கும் பெண்கள் கூலியைக் கேட்பதற்கு முன்பே, “சாயம் போகுமா?” என்றுதான் கேட்பார்கள். ஓரத்தில் விரல் அளவு ஒரு துண்டு வெட்டி, நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்காமல் நான் பதில் சொன்னதில்லை. தையற்காரி ஒருத்தி “போகாது” என்று சொன்னால் அது வாக்குக் கொடுத்ததற்குச் சமம். தங்கள் டின்னில் உள்ள சொல்லையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த நாற்காலிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் வருத்தம் தங்களுக்கு விளங்காது. என் அப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் வெளிச்சம் வருமுன்னே தமக்குரிய மர வரிசையான நிரைக்குப் போய், நெற்றி விளக்கின் ஒளியில் மரப்பட்டையில் கோடு போட்டவர். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது அவர் தமக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்த நாற்காலி செட்தான்: நீள இருக்கை ஒன்று, கை வைத்த நாற்காலி இரண்டு. அதுவரை எங்கள் லயத்து வீட்டில் பலகை பெஞ்சு மட்டும்தான் இருந்தது. தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். நாங்கள் பட்டணத்துக்குக் குடிவந்தோம். நாற்காலிகளும் கூடவே வந்தன. அப்பா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வலப்பக்க நாற்காலியின் முதுகில் அவர் தலை சாய்ந்து சாய்ந்து துணி வழவழப்பாகிக் கிடக்கும் இடத்தை அம்மா இன்றும் சேலைத் தலைப்பால் துடைப்பார்.

சன்னலை ஒட்டியிருந்த பக்கமெல்லாம் வெயில் பட்டு, அரக்கு நிறம் செங்கல் தூள் நிறமாக வெளுத்துவிட்டது. துணியை உரித்துவிட்டுப் புதிது போட ஈப்போவில் ஒருவர் 850 வெள்ளி கேட்டார். பணத்தைப் புரட்டிவிடலாம். ஆனால் அம்மா, “அந்தத் துணியை மட்டும் கிழிக்காதே” என்றார். துணி அப்படியே இருக்க வேண்டும், நிறம் மட்டும் மாற வேண்டும். அதற்கு ஒரு வழி தேடித்தான் தங்கள் டின்னிடம் வந்து சேர்ந்தேன்.

அது பாலியெஸ்டர் துணி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். இதைத் தங்கள் அதிகாரி தொலைபேசியில் புரிந்துகொள்ளவே இல்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன். பருத்தி நீரைக் குடிக்கும் இழை. சும்மா காற்றில் கிடந்தாலே தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்காது. பருத்திப் புடவையை வீட்டு அடுப்பில், அண்டாவில் சாயம் காய்ச்சி முக்கிவிடலாம். பாலியெஸ்டருக்கு ஆலைகளில் தனி வகைச் சாயம் போட்டு, அழுத்தம் கொடுத்து, 130 டிகிரி வெப்பம் வரை ஏற்றுகிறார்கள். மரச்சட்டத்தில் ஆணியடித்த நாற்காலியை எந்த அண்டாவில் இறக்குவது? வீட்டில் செய்ய முடியாத வேலை என்று கைவிட்டிருந்த நேரத்தில்தான் “எல்லாத் துணிக்கும்” என்ற சொல் கண்ணில் பட்டது. பாலியெஸ்டர் துணி இல்லையா? சோபா என்றால் இன்று கடைகளில் பெரும்பாலும் என்ன துணி போட்டு விற்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாதா? சோபா படத்தைப் போட்டது யார்?

தங்கள் குறிப்பில் சொன்னபடியே எல்லாம் செய்தேன். தூசியை உறிஞ்சி எடுத்து, சோப்பு நீரில் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டேன். செப்டம்பர் 28, ஞாயிறு காலை. பிற்பகலில் மழை வந்துவிடும் என்பதால் ஏழரை மணிக்கே கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகளை இறக்கினேன். மரச்சட்டத்துக்குப் பழைய நாளிதழைச் சுற்றி டேப் ஒட்டினேன். உள்ளே குண்டு உருளும் ஓசை கேட்கும்வரையும் அதன் பிறகு இரண்டு நிமிடமும் டின்னைக் குலுக்கினேன். 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் கையை ஓட்டி, மெல்லிய பூச்சாக அடித்தேன். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. மொத்தம் மூன்று பூச்சு. ஐந்து டின் தீர்ந்தது. முன்னதாக நாற்காலியின் பின்புறத்து அடியில் சோதனையும் செய்தேன்; “காய்ந்தபின் உலர்ந்த துணியால் தேய்த்துப் பார்க்கவும்” என்று தாங்கள் எழுதியபடி தேய்த்தபோது ஒன்றும் ஒட்டவில்லை. 48 மணி நேரம் காய்ந்தால் போதும் என்கிறது லேபிள். நான் மூன்று வாரம் யாரையும் உட்காரவிடவில்லை.

நிறம் அழகாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அம்மா கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் முரடாக இருக்கிறதே” என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 20, தீபாவளி. அப்பாவோடு ஒரே நிரையில் பால்மரம் வெட்டிய மாமா ஒருவர் ஆண்டுதோறும் வருவார். எண்பது கடந்தவர். அப்பாவின் நாற்காலியில்தான் உட்காருவார். நாங்களும் வேறு இடத்தைக் காட்டுவதில்லை. வெயிலில் நடந்து வந்ததில் முதுகெல்லாம் வேர்த்திருந்தது. அரை மணி நேரம் இருந்தார். முறுக்கு சாப்பிட்டார், தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த பழைய தண்டலைப் பற்றிப் பேசினார். எழுந்து திரும்பியபோது அவருடைய வெள்ளை வேட்டியின் பின்பக்கமும் சட்டை முதுகும் நீலத் திட்டாக இருந்தன. கூடத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒரு சிறுவன் கைநீட்டிக் காட்டிவிட்டான். மாமா ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, “வேட்டிதானே அம்மா, துவைத்தால் போகும்” என்று சொல்லி என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். துவைத்தும் போகவில்லை. நான்தான் மூன்று முறை துவைத்தேன். நாற்காலித் துணிமீது நிற்காத தங்கள் சாயம் அந்த வேட்டியில் மட்டும் நின்றுவிட்டது, ஏனென்றால் அது பருத்தி.

அன்றிரவு விருந்தினர் போன பிறகு நாற்காலித் துணியிலிருந்து ஊசியால் ஓர் இழையை உருவி, தையல் இயந்திரத்தின் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நகத்தால் இலேசாகச் சுரண்டியதும் நீலம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் பழைய அரக்கு நிறம் அப்படியே இருந்தது. இழைக்குள் ஒரு துளியும் இறங்கவில்லை. தாங்கள் விற்பது சாயமே இல்லை, மேலே படியும் பெயிண்ட். சாயம் என்றால் இழைக்குள் போக வேண்டும். பெயிண்ட் பசையைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கும். அந்தப் பசைக்குப் பாலியெஸ்டரில் பிடிப்பு இல்லையென்றால், வேர்வையின் ஈரமும் உடம்பின் உராய்வும் சேரும்போது கழன்றுவிடும். மீதமிருந்த ஆறாவது டின்னைத் திறந்து, வெள்ளைப் பாப்ளின் துண்டில் அடித்துக் காயவைத்துத் துவைத்தும் பார்த்தேன். அதில் நன்றாகவே நிற்கிறது. ஆகவே தங்கள் பொருள் மோசம் என்று நான் சொல்லவில்லை. பருத்திக்கு ஏற்ற பொருளை எல்லாத் துணிக்கும் என்று சொல்லி விற்றதைத்தான் பிழை என்கிறேன்.

அக்டோபர் 22ஆம் தேதி தங்கள் சேவைப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பேசியவர் முதலில், சூடான இஸ்திரிப் பெட்டி வைத்து நிறத்தைப் பதியவைத்தீர்களா என்று கேட்டார். லேபிளில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. பஞ்சு மெத்தைமேல் இறுக்கி அடித்த பாலியெஸ்டரில் சூடாக இஸ்திரி வைத்தால் துணி பளபளத்துச் சுருங்கிவிடும் என்பது என் கடையில் காஜா எடுக்கும் பெண்ணுக்குக்கூடத் தெரியும். அடுத்து, பின்பக்கத்தில் எச்சரிக்கை இருக்கிறதே என்றார். தேடினேன். பயன்படுத்தும் முறையில் இல்லை. தீப்பற்றும், 50 டிகிரிக்கு மேல் வெயிலில் வைக்காதீர்கள் என்ற பாதுகாப்பு வரிகளுக்கும் கீழே, விலைப்பட்டைக் கோடுகளை ஒட்டி, ஆங்கிலத்தில் மட்டும், எள்ளளவு எழுத்தில் ஒரு வரி: இயற்கை இழைகளில் நல்ல பலன் கிடைக்கும், செயற்கை இழைகளில் பலன் மாறுபடலாம். ஊசி கோக்கும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் அதைப் படித்தேன். கடைசியில் அடுத்த முறை வாங்கும்போது 20 விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொன்னார். அடுத்த முறை என்று ஒன்று இருக்கும் என அவர் எப்படி நினைத்தார்?

எங்கள் ஊரில் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். பழைய சாமானைத் தூக்கி எறியாமல் சரிசெய்து வைத்துக்கொள்பவர்கள். 32 வெள்ளி அவர்களுக்குச் சின்னப் பணம் இல்லை. தீபாவளிக்கு முன் அதே கடையில் தங்கள் டின்களை வாங்கிக்கொண்டு போன பெண்களை நான் பார்த்தேன். ஆங்கிலத்தில் எள்ளளவு எழுத்தில் உள்ளதை அவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பொருள் சொன்ன பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. 34ஆம் பிரிவு, பொருள் அதன் வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. முன்பக்கத்தில் கொடுத்த வாக்கைப் பின்பக்கத்து மூலையில் திரும்பப் பெற்றுக்கொள்வது இந்த இரண்டுக்கும் ஒவ்வாது.

ஆறு டின்களின் விலை 197 வெள்ளி 40 காசு, நாற்காலிகளுக்குப் புதுத்துணி போட ஆகும் 850 வெள்ளி, மாமாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த வேட்டி சட்டைக்கு 92 வெள்ளி, ஆக 1,139 வெள்ளி 40 காசைத் தாங்கள் தர வேண்டும். அப்பா தலைசாய்த்த அந்தத் துணிக்கு நான் விலை போடவில்லை. அதை இனி உரிக்கத்தான் வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பணத்தைவிட எனக்கு முக்கியமானது லேபிள். “எல்லாத் துணிக்கும்” என்பதை எடுத்துவிட்டு, பருத்தி, லினன் போன்ற இயற்கை இழைகளுக்கு மட்டும் என்று முன்பக்கத்திலேயே, அதே கட்டைவிரல் எழுத்தில், மலாயில் போடுங்கள். தமிழிலும் சீனத்திலும் ஒரு வரி சேர்த்தால் எங்கள் ஊர் முழுவதற்கும் புரியும். சோதனைக் குறிப்பில் உலர்ந்த துணியோடு ஈரத் துணியாலும் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் ஆலைகள் உலர் உராய்வு, ஈர உராய்வு இரண்டையும் தனித்தனியே சோதிக்கின்றன. நம் நாட்டு வெப்பத்தில் உட்காரும் எவருக்கும் முதுகு வேர்க்கும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் பின்புறத்து அடியில் விரல் அகலத்துக்கு நீலம் போனதோடு என் வேலை நின்றிருக்கும்.

இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அங்கே கட்டணம் 5 வெள்ளிதான்; வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, தங்களுக்கும் எனக்கும் அதே விதி. இரண்டு நாற்காலிகளையும், காலி டின்கள் ஐந்தையும், உருவிய இழையையும், மாமாவின் பழைய வேட்டியையும் அப்படியே வைத்திருக்கிறேன். தங்கள் ஆள் வந்து பார்க்கலாம். ஞாயிறு தவிர மற்ற நாள்களில் காலை பத்து மணிக்குமேல் கடையில் இருப்பேன்.

இப்படிக்கு,
தையற்கடை உரிமையாளர்,
சுங்கை சிப்புட்

இணைப்பு: ரசீது நகல், டின்னின் முன்பக்கம் மற்றும் பின்பக்கப் படங்கள், வேட்டியின் படம், ஈப்போ கடையின் விலைக் குறிப்பு