விசர்நாய்த் தடுப்பூசி போடும் நாளிலேயே இரத்தமும் எடுங்கள்

வடக்கு மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்துக்கும் வன்னியின் கால்நடை வைத்தியர்களுக்கும்,

வணக்கம். விசர்நாய்த் தடுப்பூசிக்கு நீங்கள் ஊருக்குள் வரும் நாளில் சனம் படும் பாடு உங்களுக்கே தெரியும். சைக்கிள் கரியரில் சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒன்று வரும், மாட்டுக் கயிற்றில் இழுபட்டபடி இன்னொன்று. வாயைக் கட்டி, இரண்டு பேர் அமர்த்திப் பிடித்து, ஊசி போட்டதும் அவிழ்த்து விடுகிறோம். அவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடித்த நாயிடம் கொஞ்ச இரத்தமும் எடுத்தால் என்ன?

நான் கேட்பது நுளம்பு பரப்பும் புழுக்களுக்கான பரிசோதனை. இதயப் புழு நுரையீரல் நாடிகளிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் தங்கி ஓரடி வரை வளரும். ஐந்து முதல் ஏழு வருடம் உயிரோடிருக்கும். இலங்கை நாய்களில் கூடுதலாக அறியப்பட்டது அதன் உறவான, தோலுக்கடியில் வாழும் டைரோபிலாரியா ரெபென்ஸ். அது மனிதரையும் விடுவதில்லை. சிறு பிள்ளைகளின் கண்ணருகிலும் தோலடியிலும் கட்டியாக வந்து, வெட்டிப் பார்த்தால் உள்ளே புழு. 2016இல் நாட்டில் மலேரியா ஒழிந்ததாகவும் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமற் போனதாகவும் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நல்ல விஷயம். நுளம்பு ஒழியவில்லையே. குளமும் வாய்க்காலும் வயலுமான வன்னியில் அது எங்கே போகும்?

வயல் கொட்டிலில் பன்றி துரத்தும் நாய் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றால் கிழடாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். இருமலும் அப்படித்தான். இரண்டும் இதயப் புழுவின் அறிகுறியாக இருக்கலாம்.

புதிய இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், இரத்தச் சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு குஞ்சுப் புழு நெளிவது தெரியும். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தைப் போமலினில் கலந்து சுழற்றி, அடியில் படிவதைப் பார்த்தால் இன்னும் நம்பலாம். குஞ்சு இல்லாமலும் இதயப் புழு இருக்கக்கூடும் என்பதால், சந்தேகமான நாய்க்கு, வளர்ந்த புழு இரத்தத்தில் விடும் பொருளைத் தேடும் அன்ரிஜென் பரிசோதனையும் வேண்டும். தொற்றி ஐந்தாறு மாதமாவது போகாமல் அதிலும் பிடிபடாது. ரெபென்ஸை அது காட்டாது, அதற்கு நுணுக்குக்காட்டிதான்.

அடுத்தது மருந்து. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்ரின் என்ற புழு ஊசிமருந்தையே நாய்க்கும் கண்மட்டத்தில் ஏற்றுவது பயமான வேலை. இதயப் புழுவைத் தடுக்க மாதமொரு தரம் ஒரு கிலோ எடைக்கு ஆறு மைக்ரோகிராம் போதும். நூற்றுக்கு ஒரு வீதமான மாட்டு மருந்தின் ஒரு மில்லிலீற்றரில் பத்தாயிரம் மைக்ரோகிராம் இருக்கிறது! பதினைந்து கிலோ நாய்க்குத் தேவையானதைச் சிரிஞ்சில் அளக்கவே முடியாது. இரத்தத்தில் குஞ்சுகள் நிறைந்த நாய்க்கு, பார்க்காமல் மருந்து கொடுத்தால் அதிர்ச்சியில் விழவும் கூடும். ஆகவே முதலில் பரிசோதனை, பிறகு எடைக்கேற்ற குளிசை. அந்தக் குளிசையை உங்கள் அலுவலகங்களில் கட்டுப்படியான விலைக்குத் தாருங்கள். எங்கள் வெக்கையில் நுளம்பு வருடம் முழுக்க இருப்பதால் மாரிக்கு மட்டும் கொடுத்து நிறுத்தவும் முடியாது.

எல்லா நாய்க்கும் ஒரே தடவையில் செய்யச் சொல்லவில்லை. குளத்தோரக் கிராமம் ஒன்றில் தொடங்குங்கள். அப்புறம், தடுப்பூசி அட்டையில் ஒரு வரி கூட்டி அச்சடியுங்கள்: இரத்தம் பார்த்த திகதி, புழு உண்டா இல்லையா.

இப்படிக்கு,
வன்னியில் நாய் வளர்க்கும் ஒருவர்