பவுடர் டப்பா எடுத்துவந்த தம்பிக்கு

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஓட்டும் நண்பர்களுக்கும், ஒர்க்‌ஷாப் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

எங்கள் பிக்கப்பின் அடியில் ஆயில் சொட்டிய விஷயம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பின் மெயின் ஆயில் சீல் (இன்ஜினின் பின்முனையில் ஆயில் ஒழுகாமல் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கித்தான் மாற்றணும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ராத்திரி முழுக்க வண்டிக்கடியில் விரித்துவைத்த அட்டையில் இன்று காலையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. கியர்பாக்ஸையும் இறக்கவில்லை. மனசு நிறைந்திருக்கும்போதே இதை எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி வாட்டர் சர்வீஸ் தம்பிக்கு. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடிப்பக்கத்தை டீசலும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, ஆல்டர்னேட்டர் மேல் தண்ணீர் பீய்ச்சாமல் கழுவி, கம்ப்ரெசர் காற்றில் காயவைத்ததோடு அவர் வேலை முடிந்தது. "இப்படியே ஓட்டினா மறுபடி எல்லாம் ஆயிலாயிடும்ணே, எங்கிருந்து வருதுன்னே தெரியாது. கொஞ்சம் இருங்க" என்று வீட்டுக்குப் போய், முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்துவந்தார். மெல்லிய துணியில் முடிந்து, இன்ஜின் பின்பக்கம், பக்கவாட்டு, சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஓரம், பெல் ஹவுசிங் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) இணைப்பு என்று எல்லா இடத்திலும் தட்டித் தட்டிப் பூசினார். ஏர் ஃபில்டர் வாய்ப்பக்கமும் பெல்ட் மேலும் படாமல் பார்த்துக்கொண்டார். அதற்குக் காசும் வாங்கவில்லை.

காய்ந்த இடத்தில் பவுடர் வெள்ளையாகவே நிற்கும். ஆயில் தொட்ட கணமே கறுத்துக் கோடு விழும். கால் மணி நேரம் ஐடிலில் விட்டு, ஒரு சின்ன ஓட்டம் ஓட்டி வந்து, டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்த்தால், அந்தக் கோடு இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பின் விளிம்பில், கேபின் சுவரை ஒட்டி, நேராகப் பார்த்தால் கண்ணுக்கே படாத இடத்தில் தொடங்கியது. அங்கிருந்து பிளாக்கின் முதுகில் இறங்கி, பெல் ஹவுசிங்கைச் சுற்றி வந்து, அடியில் உள்ள துளைக்குப் பக்கத்தில் சொட்டியிருக்கிறது. பிக்கப்பில் இன்ஜின் நீளவாக்கில், சற்றே பின்சாய்வாக உட்கார்ந்திருப்பதால் மேலே கசிவதெல்லாம் பின்னாலேயே ஓடும். ஓட்டத்தில் அடிக்கிற காற்றும் அதைப் பின்னுக்கே தள்ளும். அதனால்தான் பின் மெயின் ஆயில் சீல் போய்விட்டது என்றார்கள். அவர்கள் மேல் குறை இல்லை, அறிகுறி அச்சு அசலாக அதேதான். ஆனால் சீல் போயிருந்தால் பெல் ஹவுசிங் உள்ளே நனைந்திருக்க வேண்டும். அடி மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே கிளட்ச் தூசி காய்ந்த சாம்பலாகவே இருந்தது.

டேப்பட் கவருக்கு அடியில் உள்ள பேக்கிங்கை மட்டும் மாற்றியிருந்தால் கசிவு வேறு இடத்தில் கிளம்பியிருக்கும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்க்கச் சொன்ன டீசல் மெக்கானிக் அண்ணனுக்கு அதற்காக ஒரு பெரிய கும்பிடு. உள்ளே கறுப்புச் சகதி அடைத்திருந்தது. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயுவுக்குப் போக்கிடம் இல்லாமல், விசில் அடைத்த குக்கர் மாதிரி அழுத்தம் ஏறி, காய்ந்து இறுகிய பேக்கிங்கைப் பிளந்திருக்கிறது. ஹோஸைச் சுத்தம் செய்தபின், ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திருகித் தளர்த்தி அப்படியே வைத்தோம். லேசாக ஆடியது, அவ்வளவுதான். துள்ளிக் குதித்திருந்தால் ரிங் தேய்ந்திருக்கிறதோ என்று கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

புது பேக்கிங்கை மாற்றித் தந்தவர்களுக்கும் நன்றி. சிலிகானை மூலைகளில் மட்டும் பொட்டாக வைத்தார்கள். அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கியது உதிர்ந்து, சம்ப்பில் உள்ள ஆயில் வடிகட்டியை அடைக்கும். போல்ட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து, ஓரத்தை நோக்கி மாற்றி மாற்றி முறுக்கினார்கள். 10 எம்எம் தலை போல்ட்டுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும், மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. கை பலத்தைக் காட்டினால் பேக்கிங் நசுங்கி மறுபடி ஒழுகும்.

அட்டை கொடுத்த மளிகைக்கடை அக்கா, கண்ணாடி கொடுத்த சலூன் அண்ணன், சம்ப் நட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போட்டுவிட்டவர், பழைய ஆயில் ஃபில்டரின் ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தவர், எங்கள் தக்காளி லோடைத் தங்கள் வண்டியில் ஏற்றிப் போனவர்கள், எல்லோருக்கும் நன்றி.

இனி ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் பிரீதர் ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்ப்போம். டார்ச், கண்ணாடி, பவுடர் மூன்றும் டூல் பாக்ஸிலேயே இருக்கும். உங்களில் யாரிடமாவது ஆயில் சீலுக்காக கியர்பாக்ஸ் இறக்கணும் என்று சொன்னால், சரி என்று சொல்லுமுன் எங்களுக்கு ஒரு போன் அடியுங்கள். எடுத்துக்கொண்டு வருகிறோம்.