முரளிக்கு, அயர்லாந்துப் படை பற்றி

கிளான்டார்ஃப், டப்ளின்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது வாக்கர் இல்லாமலேயே சமையலறை வரை நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி வந்தது. பிசியோதெரபியை மட்டும் நிறுத்த விடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். கயலுக்குப் பள்ளியில் அயர்லாந்தின் பழைய மன்னர் பிரையன் போரூ பற்றிய பாடம் நடக்கிறது. வீட்டுக்கு வந்ததும் என் அலமாரியில் இருக்கும் பொம்மை வீரர்களை எடுத்து வைத்துக்கொண்டு, "இதில் யார் பிரையன்?" என்று கேட்கிறாள். அவளுக்காகவே ஒரு தாடிக்காரக் கிழவரைத் தனியாக வண்ணம் பூசி வைத்திருக்கிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மேசைமேல் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் சாகா போர் விளையாட்டில் முதல்முறையாகப் போட்டிக்குப் போகிறாய், வைக்கிங் எடுக்கலாமா, அயர்லாந்துப் படை எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அயர்லாந்துப் படையை எடு. ஆனால் பொம்மைகளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், போட்டி நடத்துபவர்களுக்கு எழுதி, மேசைகளில் என்னென்ன நிலப்பரப்பு வைக்கப்போகிறார்கள் என்று விசாரித்துக்கொள். இந்தப் படையின் வெற்றி தோல்வியில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஏன் என்று சொல்கிறேன். இந்த ஆட்டத்தில் தூரம் அளக்கும் குச்சிகள் உனக்குப் பழக்கம்தான்: குட்டை 4 அங்குலம், நடுத்தரம் 6, நீளம் 12. காலாள் வீரன் ஒரு தடவையில் நகர்வது 6 அங்குலம். அயர்லாந்துக்காரன் கையில் இருக்கும் எறியீட்டி போவதும் அதே 6 அங்குலம்தான். அதாவது, ஈட்டி எறியும் தூரத்துக்கு நீ போய் நின்றால், அடுத்த முறை அவன் ஒரே ஓட்டத்தில் உன் மேல் வந்து விழுவான். திறந்த வெளியில் எறியீட்டிப் படை என்பது ஒரு தடவை எறிந்துவிட்டு அடி வாங்கும் படை. ஆனால் நடுவில் ஒரு சதுப்போ புதரோ இருந்தால் கணக்கே மாறிவிடும். கரடுமுரடான தரையில் நுழைகிறவன் 4 அங்குலத்துக்கு மேல் நகர முடியாது. உன் ஈட்டி மட்டும் அதே 6 அங்குலம் போகும். அந்த இரண்டு அங்குல வித்தியாசத்தில்தான் இந்தப் படை பிழைக்கிறது, ஜெயிக்கிறது.

அதிலும் காட்டைவிடச் சதுப்பு உனக்கு உசத்தி. காடு உன்னை மறைக்கும், ஆனால் உன் பார்வையையும் மறைக்கும். சதுப்பு காலை மட்டும் பிடிக்கும், கண்ணை மறைக்காது. ஒரு சதுப்பின் இந்தக் கரையில் எட்டுப் பேரை நிறுத்து. அந்தக் கரையில் எதிரி கேடயச் சுவர் கட்டி நிற்கட்டும். சுற்றி வந்தால் அவனுக்கு நேரம் போகும், உள்ளே இறங்கினால் வேகம் போகும், சும்மா நின்றால் ஆள் போகும். மூன்றில் எதைச் செய்வது என்று அவன் யோசிக்கும் அந்த நேரத்துக்காகவே எனக்கு இந்தப் படையைப் பிடிக்கும். ஆகவே போட்டி மேசைகளில் இரண்டு குன்றும் ஒரு வயலும்தான் இருக்கும் என்று பதில் வந்தால், தயங்காமல் வைக்கிங் பக்கம் போய்விடு.

இது ஆட்டத்துக்காகக் கற்பனை செய்து வைத்த குணம் இல்லை என்பது எனக்கு இன்னும் பெரிய சந்தோஷம். 1169இல் நார்மன்களை அழைத்துவந்த லென்ஸ்டர் மன்னன் டயர்மிட் மக்மர்ரோ, பெரும்படையோடு அயர்லாந்தின் உயர் மன்னன் ரோரி ஓகானர் தன்மேல் வந்தபோது என்ன செய்தான் தெரியுமா? ஃபெர்ன்ஸ் பக்கத்தில் காடும் சதுப்பும் சூழ்ந்த இடத்துக்குப் பின்வாங்கினான். மரங்களை வெட்டி வழியில் சாய்த்தான், சமதரையில் குழிகள் வெட்டினான். வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட் இதை எழுதி வைத்திருக்கிறார். அந்த மனிதருக்கு அயர்லாந்துக்காரர்கள் மேல் கொஞ்சமும் மரியாதை இல்லை. அதனால் அவர் எழுதியதை எல்லாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஆயுதங்களைப் பற்றி எழுதும்போது கண்ணால் பார்த்தவர் எழுதுவது போலவே இருக்கிறது.

இப்போது படை சேர்க்கக் கிடைக்கும் ஆறு புள்ளிகளை எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம். ஒரு புள்ளிக்கு மெய்க்காவலர் நான்கு பேர், அல்லது போர்வீரர் எட்டுப் பேர், அல்லது ஊர்ப்படை பன்னிரண்டு பேர். தலைவன் இலவசம். நான் சொல்வது மூன்று புள்ளிக்குப் போர்வீரர், ஒரு புள்ளிக்கு ஊர்ப்படை, இரண்டு புள்ளிக்கு மெய்க்காவலர். தலைவனையும் சேர்த்து 45 பேர் ஆகிறது.

போர்வீரர்களைத் தலா எட்டுப் பேராக மூன்று அணியாகவே வை, சேர்க்காதே. இவர்கள்தான் உன் ஈட்டிக்காரர்கள். ஒரே பெரிய அணியாக இருந்தால் ஒரு சதுப்பைத்தான் பிடிக்க முடியும். மூன்றாக இருந்தால் மேசையின் மூன்று மூலைகளில் தொல்லை கொடுக்கலாம். அணி குறைந்தால் உன் பேட்டில் போர்டில், அதாவது பகடை வைத்துப் படையின் திறன்களை இயக்கும் அட்டையில், வைக்கக் கிடைக்கும் பகடையும் குறைந்துவிடும். அதை மறந்துவிடாதே. ஊர்ப்படை கைகலப்புக்கு உதவாது. அவர்களைக் காட்டின் ஓரத்தில் நிறுத்தி, எதிரி இங்கே வரலாமா வேண்டாமா என்று யோசிக்க வைப்பதற்கு மட்டும் பயன்படுத்து.

மெய்க்காவலர் எட்டுப் பேர் விஷயத்தில்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். நான்கு நான்காக வைத்தால் ஒரு பகடை கூடும். எட்டுப் பேரும் ஒன்றாக நின்றால் ஆளுக்கு இரண்டு வீதம் 16 தாக்குப் பகடை ஒரே அடியில் விழும். மற்ற படைகளுக்கு நான்கு நான்கு என்பதே நல்ல யோசனையாக இருக்கலாம். உனக்கு வேண்டாம். உன் படை எதிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே போகும். ஆனால் அரித்து மட்டும் ஆட்டத்தை முடிக்க முடியாது. ஈட்டிகள் ஒரு அணியைப் பாதியாக்கி, களைப்புக் குறிகளையும் ஏற்றி வைத்த பிறகு, ஒரே ஒரு தடவை ஓங்கி அடிக்க ஒரு கை வேண்டும். அது இந்த எட்டுப் பேர்தான். அதுவரை அவர்களை மரத்துக்குப் பின்னால் ஒளித்தே வை. எதிரி மேல் இருக்கும் களைப்புக் குறியைச் செலவழித்து அவன் கவசத்தை ஒன்று குறைத்துவிட்டு அப்புறம் இறக்கு. சீக்கிரம் இறக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்.

காவிய நாயகர்களைப் போலத் தனி ஆளாகச் சண்டை போடும் சாம்பியன்களை எடுக்கவும் இந்தப் படைக்கு வழி இருக்கிறது. நண்பர்களோடு ஆடும்போது ஆசை தீர ஆடு. போட்டிக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். தனி ஆளைச் சரியான இடத்தில் வைக்க நிறையப் பழக்கம் வேண்டும். உன் முதல் போட்டியில் அந்தக் கவனத்தை ஈட்டிக்காரர்களுக்குக் கொடு.

யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? வைக்கிங்கைப் பார்த்து இல்லை. அவன் உன்னிடம் வந்துதான் ஆக வேண்டும், வரும் வழியெல்லாம் உன் ஈட்டி இருக்கும். வில்லுக்குத்தான் பயப்பட வேண்டும். அம்பு 12 அங்குலம் போகும், உன் ஈட்டியைப் போல இரண்டு மடங்கு. நார்மன்காரன் வில்லாளிகளையும் குதிரைகளையும் சேர்த்துக் கொண்டுவந்தால், சதுப்பை விட்டுக் காட்டுக்குள் போய்விடு. அங்கே அவன் அம்புக்கும் பார்வை இல்லை, திறந்த வெளியில் 12 அங்குலம் பாயும் குதிரையும் 4 அங்குலத்துக்குத் தவழும். ஒருவரையொருவர் பார்க்காமலே நேரம் போய், ஆட்டம் சிறு வித்தியாசத்தில் முடிந்தாலும் பரவாயில்லை. போட்டியில் அதுவும் மதிப்பெண்தான்.

நிறம், தோற்றம் பற்றியும் கேட்டிருந்தாய். நான் இருக்கும் இந்த கிளான்டார்ஃபில்தான் 1014 ஏப்ரல் 23, புனித வெள்ளியன்று பிரையன் போரூவின் அந்தப் பெரிய போர் நடந்தது. இன்று கடலோரமாக ஆட்கள் நாயோடு நடை போகும் அமைதியான இடம். அன்றைக்கு யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். அயர்லாந்து ஒரு பக்கம், வைக்கிங் ஒரு பக்கம் என்று கயலின் பாடம் சொல்கிறது. ஆனால் டப்ளின் வைக்கிங்குகளோடு தோளோடு தோள் நின்றது லென்ஸ்டர் மன்னன் மெயில்மோர்டாவின் அயர்லாந்துப் படை. டப்ளின் அரசன் சிட்ரிக், பிரையனின் முன்னாள் மனைவி கோர்ம்லெய்த்துக்குப் பிறந்தவன். அதோடு பிரையனின் மகளையே மணந்தவன். மெயில்மோர்டா கோர்ம்லெய்த்தின் உடன்பிறந்தவன். மாமனாரும் மருமகனும், மாமனும் மைத்துனனும் என்று நம் ஊர்ப் பங்காளிச் சண்டை தோற்றுப்போகும். போரில் பிரையனும் இறந்தார், அவர் மகன் முர்ஹாவும் இறந்தான், மெயில்மோர்டாவும் இறந்தான். சிட்ரிக் மட்டும் டப்ளின் மதிலுக்குள் பத்திரமாக இருந்தான்.

தோற்று ஓடியவர்களைக் கடல் ஏற்றம் மறித்துவிட்டது என்று பழைய கதை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஹாட்டன் என்ற டப்ளின் பேராசிரியர், 1014இன் அந்த நாளுக்குக் கடல் ஏற்றத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். காலை 5.30க்கும் மாலை 5.55க்கும் ஏற்றம் என்று வந்தது. கதையோடு அச்சாகப் பொருந்தியது. சாயங்காலம் அந்தக் கடலோரம் போகும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உன் மெய்க்காவலர்களில் சிலருக்கு வைக்கிங் கோடாரியும் இரும்பு வளையக் கவசமும் கொடுத்தால் யாரும் தப்புச் சொல்ல முடியாது. அந்தக் கோடாரியை அயர்லாந்துக்காரர்கள் அவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள் என்று ஜெரால்டே சொல்கிறார். ஒற்றைக் கையால் வீசுவார்களாம், கட்டைவிரலைப் பிடியின் மேல் நீளமாக வைத்து அடியைத் திருப்புவார்களாம். ஒரு பொம்மையிலாவது அந்தக் கட்டைவிரலைப் பசைக்களிமண்ணால் செய்து வைக்கப் பார். 28 மில்லிமீட்டர் உருவத்தில் ஒரு கடுகளவுதான் இருக்கும், ஆனால் பக்கத்தில் வந்து பார்ப்பவன் நின்றுவிடுவான்.

மற்றவர்களுக்குக் கவசமே வேண்டாம். முழங்கால் வரை வெளுத்த லினன் சட்டை, தோளில் கம்பளிப் போர்வை, கையில் இரண்டு மூன்று ஈட்டி, சின்ன வட்டக் கேடயம். கட்டம் போட்ட துணியெல்லாம் பூசாதே. காவி, பழுப்பு, மங்கிய பச்சை என்று நான்கைந்து நிறத்தை மாற்றி மாற்றிப் போட்டாலே படை உயிரோடு இருக்கும். பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு இருப்பதால் பொம்மை நிற்கும் அடித்தட்டில் கவனம் வை. கரும்பழுப்புச் சேற்றைப் பூசி, காய்ந்த பிறகு கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ் தடவு. கணுக்கால் வரைக்கும் அதே சேற்றை மெல்லிசாக ஏற்றிவிடு. அதற்கப்புறம் அவர்கள் சதுப்பிலிருந்து எழுந்து வந்தவர்களாகத் தெரிவார்கள். ஊர்ப்படைக்கும் போர்வீரர்களுக்கும் வார்கேம்ஸ் அட்லான்டிக் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பொம்மைகளே போதும். தலைவனையும் மெய்க்காவலர்களையும் மட்டும் உலோகத்தில் வாங்கு.

போட்டி அன்றைக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. உன் பேட்டில் போர்டை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்துகொண்டு போ. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரக்கெடு உண்டு. இந்தப் படை எதிரியைக் காக்க வைக்கும் படை, நீயும் சேர்ந்து படித்துக்கொண்டே இருந்தால் கடைசிச் சுற்றுக்குள் நேரம் முடிந்துவிடும். எந்த இடம் சதுப்பு, எது காடு, அதன் ஓரம் எதுவரை என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எதிராளியிடம் பேசி முடிவு செய்துகொள். நடுவில் சண்டை வராது.

ஒன்று செய்கிறேன். அடுத்த மாதம் வேல்ஸின் ஹோலிஹெட் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் காரோடு வருகிறோம், உன் வீட்டுக்கு ஒரு ராத்திரி வருவதாக வித்யாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். என்னிடம் இருக்கும் ஈட்டிக்காரர்களில் இரண்டு அணியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன். உன் சாப்பாட்டு மேசையில் ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்போம். நீ வைக்கிங் பக்கம் ஆடு, எறியீட்டியை எதிரில் இருந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும். சதுப்புக்குப் பழைய பச்சைத் துணி ஒன்று எடுத்து வை.

மேசை விவரம் வந்ததும் உடனே எழுது. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
சேகர்